பழைய வீட்டுச் சாவியை உடனே கொடுக்காதவள்

செய்தியைச் சொன்னது எங்கள் நர்ஸ் தேவி. காலையில் கௌண்டரைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "சாமி அண்ணே, வசந்தா இறந்துட்டா அண்ணே" என்றாள். நான் "சரி" என்றேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போனை வைத்தேன். உடனே மறுபடியும் எடுத்து, கம்ப்யூட்டர் அறையின் உள்ளிணைப்பு எண்ணை அழுத்தினேன். எந்தப் பெரிய செய்தி வந்தாலும் முதலில் வசந்தாவிடம் சொல்வது என் பழக்கம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பெண் காலையிலேயே எங்கே போய்த் தொலைந்தாள் என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் யாருக்கு என்ன செய்தி சொல்ல இந்தப் போனை எடுத்தேன் என்பது புத்தியில் உறைத்தது.

டிங்கிக் காய்ச்சல். சில நாள் படுத்தாள், போய்விட்டாள். முப்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை. அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவன், எங்கள் பிரசவ மருத்துவமனையின் கௌண்டரில் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் கிராணி, நான் உட்கார்ந்து அவளுக்கு அஞ்சலி எழுதுகிறேன். முறை தலைகீழாகக் கிடக்கிறது. அவளோடு வேலை செய்த நர்சுகளுக்கும், புக்கிட் பெருவாங்கில் அவள் வீட்டுப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும், அவள் மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டே மணி பார்த்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். எங்காவது நான் குழம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வசந்தா விஷயத்தில் நான் குழம்பாமல் இருந்த நாளே குறைவு.

அவள் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் வந்தாள். ஆனால் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பாள். ஒருமுறை தடுப்பூசி மருந்து வைக்கப் புதுக் குளிர்பெட்டி வந்தது. பழையதிலிருந்து மருந்தை எடுத்துப் புதியதில் அடுக்க நர்சுகள் வரிசையாக நின்றார்கள். இவள் குறுக்கே வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள். "சும்மா இருக்கட்டும் லா. ஒரு கிண்ணத்துல தண்ணி மட்டும் வச்சு நாளைக்குப் பாப்போம். இது எப்படிப்பட்ட பெட்டின்னு தெரியாம உள்ள இருக்கிற உசிர எல்லாம் இதுல தூக்கி வைப்பீங்களா?" என்றாள். மறுநாள் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பினோம். உறைந்தால் அந்த மருந்து வீண் என்று தேவி எனக்கு விளக்கினாள். குளிர்பெட்டி குளிர்ந்ததற்காக அதைத் திருப்பி அனுப்பிய கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பெரிய கதைக்கு வருகிறேன். உங்களில் பலருக்குப் பாதி தெரியும், மீதிப் பாதி தவறாகத் தெரியும்.

எங்கள் மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் செர்வர் என்ற ஒரு பெட்டிக்குள் போகிறது. கௌண்டரில் நாங்கள் தட்டுவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். பதியும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண்ணை அந்தப் புரோகிராமே கொடுக்கும். ஒரு வருடம் அந்தப் பெட்டியின் வயிறு நிரம்பிவிட்டது. ஒரு தாயின் பெயரை அடித்தால் பாதிப் பெயரில் நின்று விழிக்கும். எங்கள் முதலாளி டாக்டரம்மா புது ஹார்டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பழைய டிரைவில் இருக்கும் விவரத்தையெல்லாம் புது டிரைவுக்கு நகர்த்த வேண்டும், அது வசந்தாவின் பொறுப்பு.

"நகர்த்துறதுன்னா இங்கேருந்து எடுத்து அங்க வைக்கிறதுதானே? இதுக்கு ஏன் ஒரு நாள் பூரா கேக்குற?" என்றேன்.

"ஐயோ அண்ணே, பாதி வழியில கரண்டு போச்சுன்னா? பாதிச் சாமான் நடு ஜாலான்ல, ரோட்டு மேல நிக்கும். முதல்ல புரோகிராம நிறுத்தணும். ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது. அப்புறம் எல்லாத்தையும் அங்க ஒரு காப்பி போடணும். ரெண்டு பக்கமும் எண்ணிப் பாக்கணும். இனிமே அங்க போயி எழுது, அங்க போயி தேடுன்னு புரோகிராமுக்குச் சொல்லணும். ஓட்டிப் பாக்கணும். பழச மட்டும் அழிக்கக் கூடாது, பேர மாத்தி வைக்கணும்."

"அப்ப ரெண்டு இடத்துலயும் இருக்குமா?"

"இருக்கும்."

"இதுக்குப் பேரு நகர்த்துறதா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடி வார்டு வரைக்கும் கேட்கும். "நீங்க வாடகை வீடு மாறுனதே இல்லையாண்ணே? புது வீட்டுல பால் காய்ச்சுன அன்னைக்கேவா பழைய வீட்டுச் சாவியக் கொடுத்தீங்க? புது அட்ரஸுக்கு ஒரு கடிதாசி வந்து சேரட்டும். அப்புறம் கொடுத்துக்கலாம்."

பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பழைய பெயரிலேயே விட்டால் புரோகிராம் பழக்கதோஷத்தில் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாள். புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

நாள் பார்த்தது அவள்தான். ஆயுத பூசை அன்று செய்யலாம் என்றாள். அன்று காலை எங்கள் கௌண்டர் மூடியிருக்கும். பிரசவ அறையில் தவிர வேறெங்கும் எந்த ஆயுதத்தையும் யாரும் தொட மாட்டார்கள். ஒருவரும் உள்ளே இல்லாத நாள் இதைவிட வேறு கிடைக்குமா? நல்ல யோசனை என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

அன்று காலை அவள் புரோகிராமை நிறுத்தி, காப்பி போட விட்டாள். அது மெதுவாக ஓடியது. செர்வரின் முகத்தில் 'கை வைக்காதே' என்று தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒரு தாளை ஒட்டினாள். வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் பூசை தொடங்கியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, எல்லாரும் வாருங்கள் என்று டிரைவர் கூப்பிட்டார். தீபாராதனைக்கு மட்டும் வசந்தா வெளியே வந்தாள். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கை தட்டினோம், கொண்டைக்கடலை தின்றோம்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழம்பியது நான் ஒருவன் போதும்.

பூசாரி வாசல் பூசையை முடித்துக்கொண்டு டாக்டரம்மாவோடும் தேவியோடும் கம்ப்யூட்டர் அறைக்குப் போயிருக்கிறார். செர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். மாலை அந்தத் தாளை மறைத்துக்கொண்டது. "பூசை போட்ட ஆயுதம் ஓடணும்மா. வண்டி ஓடுச்சுல்ல, இதையும் ஒரு தடவ ஓட்டி நிறுத்துங்க" என்றார் பூசாரி. நம் ஊர் வழக்கம் அதுதானே. லாரியோ, தையல் மெஷினோ, படைத்த பிறகு ஒரு சுற்று ஓட்டாமல் விட்டால் யாருக்கு மனசு கேட்கும்? புரோகிராமைத் தொடங்க டாக்டரம்மாவுக்குத் தெரியும். தொடங்கினார். முதல் பதிவு நல்ல பதிவாக இருக்கட்டும் என்று, அன்று விடியலில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் விவரத்தைத் தேவியை விட்டுத் தட்டச் சொன்னார். புரோகிராம் ஓர் எண் கொடுத்தது. தேவி அதைத் தாயின் அட்டையில் எழுதிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மா, வசந்தா நிறுத்தி வைத்தது நிறுத்தியபடியே இருக்கட்டும் என்று மறுபடி நிறுத்திவிட்டார். நல்ல எண்ணம்தான். அதுதான் வினையானது.

வசந்தா திரும்பி வந்து பார்த்தபோது, மாலையையும் பொட்டையும் தவிர எல்லாம் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. எத்தனை ஃபைல் என்று எண்ணிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் சரியாக வந்தது; ஒரு ஃபைலுக்குள் ஒரு பதிவு கூடியிருந்தது அந்தக் கணக்கில் தெரியாது. பழையதற்குப் பெயரை மாற்றினாள். புது டிரைவில் ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. ஆனால் அந்தப் பெண் குழந்தை பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த ஃபைலின் காப்பி அதற்கு முன்பே போயிருந்தது. மறுநாள் காலை லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தாய்க்கு ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. புது வீட்டில் புரோகிராம் எண்ணிப் பார்த்து, அதே எண்ணை அந்தப் பையனுக்குக் கொடுத்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா தினமும், "அந்தப் பழசை இன்னும் அழிக்கலையா? இடம் வேணும்னுதானே டிஸ்க் வாங்குனோம்?" என்று கேட்பார். வசந்தா தினமும், "இன்னும் கடிதாசி வரல டாக்டர்" என்பாள். என்ன கடிதம், யாரிடமிருந்து என்று டாக்டரம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

கடிதத்துக்குப் பதிலாக முருகையா வந்தான். நியாலாஸ் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். மனைவி செல்வி குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறப்பைப் பதிய ஆஸ்பத்திரியின் தாள் வேண்டும் என்று அட்டையை நீட்டினான். நான் எண்ணைத் தட்டினேன். ஆண் குழந்தை என்று வந்தது. தாயின் பெயர் வேறு. தகப்பன் பெயர் வேறு. ஊர் லூபோக் சீனா.

"உனக்கு ஆம்பளப் புள்ளயாப்பா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்க ஐயா. பொம்பளப் புள்ளங்க. அதோ இருக்குதுங்களே."

திரையைப் பார்த்தேன், பெஞ்சைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன். முருகையாவின் முகம் மாறியது. "அப்ப எம் பொண்டாட்டி பெத்தது ஆம்பளயா? எம் புள்ளய யாருக்கு மாத்திக் குடுத்தீங்க?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. செல்வி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "இது எம் புள்ள. கம்ப்யூட்டரு என்னா சொன்னா எனக்கென்ன?" என்றாள்.

இதற்குள் மாடியிலிருந்து தியாகு இறங்கி வந்துவிட்டார். அந்த ஆண் குழந்தையின் தகப்பன், லூபோக் சீனாவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தையல் பிரிக்காததால் அவர் மனைவி இன்னும் வார்டில் இருந்தாள். "என் மகன் நம்பர இன்னொருத்தர் வச்சிருக்காங்கன்னு மேல பேசிக்கிறாங்க. என்னா இது?" என்றார். இரண்டு அட்டையையும் கௌண்டரில் பக்கம் பக்கமாக வைத்தோம். ஒரே எண். அதைச் சுற்றி இரண்டு குடும்பமும் நின்று கொண்டு, யார் பிள்ளை யாரிடம் என்று பார்த்தது.

முருகையா கௌண்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்று எனக்கு மறக்கவில்லை. "ஐயா, எந் தம்பிக்குச் சூராட் பெரானாக் எடுக்கல. பொறந்ததுக்குத் தாளு இல்ல, அதனால அடையாளத்துக்கு ஐசி இல்ல, பள்ளிக்கூடத்துலயும் ஒழுங்கா சேக்கல. இன்னிக்கும் போலீசப் பாத்தா ஒளியிறான். எம் புள்ளைக்கு அந்த நெலம வேணாங்க."

வசந்தா வந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் செல்வியை உட்காரச் சொன்னாள். பிறகு தேவியிடம், "இந்தப் புள்ளையோட விவரத்த எப்ப டைப் அடிச்சே? எந்த மெஷின்ல?" என்று கேட்டாள். தேவி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தரையைப் பார்த்தார். வசந்தாவுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அன்று இரண்டு தகப்பன்மாரையும் செல்வியையும் அவளே உள்ளே அழைத்துப் போனாள். முருகையா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தான். செர்வரின் மீது சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. பெயர் மாற்றி வைத்திருந்த பழையதை அவள் தனியாக வேறொரு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போட்டு, அங்கே திறந்தாள். கடைசிப் பதிவு வந்தது. அவள் வாசித்தாள். "தாய், செல்வி. தகப்பன், முருகையா. பெண் குழந்தை. விடியக்காலை." எடையையும் சொன்னாள். முருகையா, "இன்னொரு தடவ வாசிங்கம்மா" என்றான். வாசித்தாள். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை, அவளே வாசித்தாள். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கியது. ஏன் மறைக்க வேண்டும்?

"இங்க ஒரு புள்ள, அங்க ஒரு புள்ள. ரெண்டு பேரும் அவங்கவங்க அம்மா கிட்டதான் இருக்காங்க. மாறுனது புள்ளைங்க இல்ல, வீடு" என்றாள் வசந்தா. பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்க ஓட்டுனது தப்பு டாக்டர். ஓடுற வேலைய விட்டுட்டு நான் சாமி கும்புடப் போனது அதவிடத் தப்பு. ஃபைல் எண்ணிக்கையப் பாத்தேன், கடைசியா எழுதுன நேரத்தப் பாக்கல" என்றாள். முதலாளியை எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது துணிச்சலா, மரியாதைக் குறைவா என்று இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை. டாக்டரம்மா, "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பெண் குழந்தையைப் புது டிரைவில் பதிய வேண்டும், அதற்குப் புது எண் கொடுக்கலாம் என்றேன் நான். முருகையாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "முதல்ல பொறந்தது எம் புள்ள. நம்பர நாங்க ஏன் விட்டுக் குடுக்கணும்?" என்றான். தியாகு அதைவிட மோசம். மகனுடைய எண்ணுக்கு அவர் ஏற்கெனவே நாலு நம்பர் லாட்டரி எடுத்துவிட்டாராம். எண்ணை மாற்றினால் ராசி போய்விடும் என்றார். சற்று முன்புவரை பிள்ளை யாருடையது என்று நடுங்கியவர்கள், இப்போது எண் யாருடையது என்று சண்டை போட்டார்கள். வசந்தா, "அண்ணே, டிக்கெட்டு உங்க கையில, நம்பரு முதல்ல பொறந்த பொம்பளப் புள்ள கையில. அடிச்சா அந்தப் புள்ளைக்கு ஒரு கவுன் எடுத்துக் கொடுங்க" என்று தியாகுவிடம் சொல்லி, பையனுக்குப் புது எண் கொடுத்துத் தீர்த்து வைத்தாள். அந்த எண் அடித்ததா என்று தெரியாது. கவுன் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் அவளிடம் கேட்டேன். "ரெண்டு இடத்துலயும் இருந்ததாலதானே இவ்வளவு குழப்பம்? ஒண்ண அழிச்சிருந்தா?"

"அழிச்சிருந்தா அந்தப் புள்ளைய எங்கேருந்து எடுத்திருப்பேன்? ரெண்டு இடத்துல இருந்தா தப்பில்லண்ணே. ரெண்டு இடத்துலயும் எழுதுனாத்தான் தப்பு."

அன்று பாதி புரிந்தது. மீதி இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.

அடுத்த ஆயுத பூசைக்கு அவள் செர்வரை முழுவதுமாக அணைத்து, மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, அறையைப் பூட்டிவிட்டாள். பூசாரி கதவுக்குத்தான் பொட்டு வைத்தார். "ஆம்புலன்ஸ் ஓடட்டும் சாமி, இது தூங்கட்டும்" என்றாள். முருகையா மகளைத் தூக்கிக்கொண்டு பூசைக்கு வந்திருந்தான். பெயர் ஷர்மிளா. "இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சது நானு. என் பேர வச்சிருக்கலாம்ல?" என்று வசந்தா அவனைச் சீண்டினாள். அவன் நெளிந்தான். பிள்ளை அவளுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழற்றத் தெரியாமல் அழுதது.

புக்கிட் பெருவாங்கில் சாவு வீட்டுக்கும் அவர்கள் வந்தார்கள். இப்போது நன்றாகப் பேசும் ஷர்மிளா, கூட்டத்தில் வசந்தாவின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அத்தை எங்கே என்று என்னைக் கேட்டாள். நான் வீட்டைக் காட்டினேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன். எந்தத் திசையைக் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஆளை அனுப்பியிருந்தார்கள். செர்வருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டவர்களின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றான். வசந்தாவின் பெயரைக் காட்டி, "இது இப்ப இல்லதானே அங்கிள்? அழிச்சிடவா?" என்று கேட்டான். பதில் சொன்னது டாக்டரம்மா. பழையதை அழி அழி என்று தினமும் அவளை விரட்டிய அதே டாக்டரம்மா. "அழிக்காத தம்பி. உள்ள நுழைய முடியாதபடி பண்ணு. பேர மாத்தி வை" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போனார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மூன்று மொழியில் 'கை வைக்காதே'. மாலை உரசிய இடத்தில் சந்தனக் கறை. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளுடைய உள்ளிணைப்பு எண்ணையும் நான் மறக்கவில்லை. சில காலை நேரங்களில் விரல் தானாக அதற்குப் போகிறது, பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். இங்கே இல்லை என்கிறார்கள், இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு இடத்திலும் இருந்தால் தப்பில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பழைய வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வசந்தா. உன் புது அட்ரஸிலிருந்து கடிதம் வரட்டும். அப்புறம் கொடுக்கிறேன்.